புதுசைப் பழசாக்கின காலம்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. சட்டம் வெள்ளை நிறம். ஓரங்களில் வெள்ளை தேய்ந்து அடியிலிருக்கும் பழுப்பு தெரியும். மேல் மூலையில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நிற்கும். கீழ்ப்பக்கம், கை படுகிற இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது போல லேசான மஞ்சள். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு, தவறாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் தன் வீட்டில் மீந்துபோன பெயின்ட் இருப்பதாகவும், வேண்டுமானால் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். மேல்மாடி அம்மாள், பொங்கலுக்குள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்லி வருடா வருடம் நினைவுபடுத்துகிறார். என் கணவரின் நண்பர் ஒருவர், ஒரு கண்ணாடிக்குப் பெயின்ட் அடிக்கக்கூட வக்கில்லையா என்று என் காது படவே கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அது பழசு இல்லை. புத்தம்புதுசாக வாங்கி, இரண்டு பேர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பழசாக்கியது. இதைச் சொன்னதும் அவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருவர் என் கணவரின் அக்கா. முறைப்படி நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கடலோரத்திலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து எர்ணாவூரில் குடிவைத்த அடுக்குமாடி வீடுகளில், ஒரே வராந்தாவின் இந்தக் கோடியில் நாங்களும் அந்தக் கோடியில் அண்ணியும் இருந்தோம். அண்ணிக்குக் கணவர் இல்லை. காசிமேட்டில் விடிவதற்குள் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்றே மகளைக் கரையேற்றியவர். கடைசியில் முட்டி தேய்ந்துபோனது. படி ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நடக்காத, ஏறாத, தூக்காதன்னு சொல்றாரு டாக்டரு. அப்ப இன்னா, பறந்துகினா போறது?" என்று கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டை விசிறியாக வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். அவர் சும்மா உட்கார்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அதே சமயத்தில்தான் நான் வேலை பார்த்த தண்டையார்பேட்டைத் துணிக் கம்பெனியை மூடினார்கள். நானும் வீட்டில். ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? போனில் எதையோ தேடும்போது அந்த வீடியோ வந்தது. ஒரு பெண் மலிவான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, இரண்டு பெயின்ட் அடித்து, தேய்த்து, எங்கோ இடிந்த பங்களாவிலிருந்து எடுத்து வந்தது போல ஆக்கிக் காட்டினாள். அதற்குக் கீழே எங்கே கிடைக்கும், எப்படி வாங்குவது என்று ஜனங்கள் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். வரிசையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

வேலை, சொல்லிக் கேட்கும்போது சுலபம். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் மரத்தூள் பலகையில் செய்த போட்டோச் சட்டம், கண்ணாடிச் சட்டம், தட்டு, தகர லாந்தர் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். முதலில் அடர்ந்த பழுப்பில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும், ஒரு பொருளில் காலப்போக்கில் எங்கெங்கே கை படுமோ அங்கெல்லாம் மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். சுவருக்கு அடிக்கிற வெள்ளையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து அதன்மேல் இன்னொரு பூச்சு. மாவு கலந்தால் பெயின்டின் பளபளப்பு செத்து, பழைய சுண்ணாம்பு போல மங்கிக் காயும். பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் மெழுகு இருக்கும் இடத்தில் வெள்ளை ஒட்டாமல் உரிந்து வந்துவிடும். கடைசியாக டீ டிகாஷனைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் அழுக்கேறிய மஞ்சள் வரும். தகர லாந்தராக இருந்தால் காவியும் கறுப்பும் கலந்து பஞ்சால் ஒற்றித் துருவை வரவைக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்து துருவை வரைந்துகொண்டிருந்த இடத்துக்கு நேர் மேலே, எங்கள் ஜன்னல் கம்பியில் உப்புக்காற்று அதே வேலையை ஓசியில் செய்துகொண்டிருந்தது. அதை விலைக்குக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

முதல் இரண்டு வாரம் அண்ணி என்னை வதைத்துவிட்டார். புதுச் சட்டத்தின் மேல் உப்புத்தாளை வைக்கவே அவருக்கு மனசு வரவில்லை. நான் ஒரு இழுப்பு இழுத்தால் தன் தோலையே உரித்தது போல முகத்தைச் சுளிப்பார். "புதுசு வாங்கினு வந்து ஏம்மே பாழாக்குற? நம்ப வூட்ல இல்லாத பழசா?" என்பார். தேய்க்கச் சொல்லிக் கொடுத்தால் தடவிக் கொடுப்பார். நான் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், நான் உரித்து வைத்திருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளையைத் தொட்டு மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார். நான் கத்துவேன்.  மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

அப்புறம் எப்படியோ அவருக்கும் அதில் ருசி வந்துவிட்டது. லாந்தருக்குத் துரு வைக்கிற வேலையை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மூடி திருகுகிற இடத்தில், கைப்பிடி உரசுகிற இடத்தில், தண்ணீர் இறங்கித் தேங்குகிற அடி விளிம்பில் என்று பார்த்துப் பார்த்து ஒற்றுவார். முடிந்ததை ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டு, வாசல் வரை நொண்டிப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்ப்பார். நல்லாத்தான் கீது என்று தனக்கே சொல்லிக்கொள்வார். இதுவரை எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதற்கு அடுத்தபடியாக அவர் செய்த காரியத்தில்தான் எங்கள் சண்டை தொடங்கியது.

ஒரு நாள், தயாராக இருந்த சட்டத்தின் மேல் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. ஏதோ தெறித்திருக்கிறது என்று துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி கறுப்பு. அடுத்த சட்டத்திலும், தட்டிலும், லாந்தரிலும் இருந்தது. அண்ணி கண்மை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றுக்கும் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குக் கன்னத்தில் வைக்கிற அதே பொட்டு. மை அழிகிறது என்று தெரிந்த பிறகு கறுப்பு பெயின்டுக்கு மாறினார். பழசான, உரிந்துபோன, குப்பையில் கிடந்தது போலத் தெரிய வேண்டும் என்றுதானே இத்தனை பாடுபடுகிறோம், குப்பையின் மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். குப்பை என்றால் எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.  எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று.

நாலைந்து சட்டங்களைப் பையில் போட்டுக்கொண்டு நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஊரின் தென்பக்கம், அடையாறைத் தாண்டி ஒரு கடை. அதை நடத்திய பெண்மணியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பொறுமையாகப் பார்த்தார், நல்ல விதமாகப் பேசினார், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு வாரா வாரம் ஆர்டர். அவர் மிகவும் மெச்சியது எதை என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் மொட்டைமாடியில் காய வைத்த சட்டங்களில், ஈரப் பெயின்டின் மேல் பக்கத்து அனல் மின்நிலையத்தின் புகைக்கூண்டுச் சாம்பல் வந்து படிந்துவிட்டது. துணி காயப் போட்டாலே உதறி எடுக்கிற ஊர் எங்களுடையது. கைக்குச் சொரசொரவென்று இருந்ததைத் துடைக்கப் பார்த்தேன், போகவில்லை. பயந்துகொண்டே அனுப்பினேன். மேடம் போன் செய்து, இந்தச் சொரசொரப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள், இனிமேல் எல்லாம் இப்படியே வேண்டும் என்றார். அப்புறம் காற்று கடல் பக்கமிருந்து அடிக்கிற நாட்களில் சாம்பல் வராமல் நாங்கள் வராந்தாவில் நின்று வானத்தைத் திட்டிய கூத்தெல்லாம் உண்டு. வாழ்க்கை முழுக்கத் துடைத்துத் துடைத்து வெறுத்துப்போன சாம்பலுக்காக அண்ணியும் நானும் அண்ணாந்து காத்திருந்தோம்.

பொட்டுச் சண்டை மட்டும் ஓயவில்லை. கறுப்புக் கறை இருக்கிறது என்று மேடத்தின் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்ததும், நான் அண்ணியின் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்து, ஒரு பெரிய கண்ணாடியைப் பொட்டில்லாமல் அனுப்பி வைத்தேன். அது போகிற வழியில் மணலி ரோட்டுப் பள்ளத்தில் லோடு ஆட்டோ குதித்ததில் உடைந்துவிட்டது. பள்ளத்தில் குதித்தால் எந்தக் கண்ணாடியும் உடையும் என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணி உடைந்த சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையோடு ஒரே வீட்டில் வேலை செய்ய முடியாது. சரி, முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தேன். அவர் ஒவ்வொன்றையும் மடியில் குப்புறப் போட்டு, வலது கீழ் மூலையில், லாந்தர் என்றால் அடித்தகட்டின் ஓரத்தில், கை போகிற இடத்தில் பொட்டு வைத்தார். முன்பக்கம் வைக்கும்போது செதிலுக்கும் கறைக்கும் நடுவே எங்கேயாவது ஒளிந்துகொண்டிருந்த பொட்டு, இப்போது வெறும் பலகையில், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. சண்டை தீர்ந்தது என்ற நிம்மதிதான் இருந்தது.

அதன் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். அண்ணி காலையில் என் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் வேலை செய்தார். முட்டி வீக்கம் வற்றியது. மீன் கூடையில் மெழுகுவத்தித் துண்டுகளையும் பஞ்சையும் போட்டு வைத்திருந்தார். பழைய தோஸ்துகள், மீன் விற்கும் பெண்கள், போகிற போக்கில் எட்டிப் பார்த்து, இன்னாடி இது, நல்லா இருந்ததை எல்லாம் கெடுத்துக்கினு கீற என்று கிண்டல் செய்வார்கள். இதுக்குப் பேரு வேலடி, உக்காந்துகினே செய்றது என்று அண்ணி அலட்டிக்கொள்வார். இந்த வேலை நிலைத்தால் அவர் மறுபடி கூடை தூக்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். 

சரக்கு கொண்டுபோன ஒரு நாள் கடையில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே மேடம் ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் லாந்தரைக் காட்டிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் கப்பல் வியாபாரி ஒருவரின் பங்களாவை இடித்தபோது கிடைத்ததாம். பக்கத்தில் இருந்த கண்ணாடிச் சட்டம் காரைக்குடியிலிருந்து வந்ததாம். அந்தக் காரைக்குடிச் சட்டத்துக்கு முந்தின வாரம் டிகாஷன் ஒற்றியது நான். மேடம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பழைய சாயல் கொண்ட புதுப்பொருள் என்று சொல்லித்தான் விற்கிறார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒரு பொய்க்கு நாங்கள் கைவேலை செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கசப்பு கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னால், "எர்ணாவூர்ல பங்களா கட்டிக்கினு கீறோம்னு சொல்லு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பொய் சொல்வது அவள் பாடு, நாம் யாரிடமும் எதையும் மறைக்கவில்லையே என்றார். நானும் அப்படியே சமாதானப்பட்டுக்கொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறக்க இருந்த ஒரு ஓட்டலுக்குச் சுவர் முழுக்கப் பழைய வீட்டுச் சாமான் மாட்ட வேண்டும் என்று மேடத்துக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. சட்டம், தட்டு, லாந்தர், கண்ணாடி என்று நாற்பதுக்கு மேல். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இனிமேல் மாதா மாதம் நிலையான ஆர்டர் உண்டு என்று மேடம் வாக்குக் கொடுத்தார். கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அண்ணியை அங்கேயே குடிவைத்துவிடலாம், அவர் படி ஏறவே வேண்டாம் என்று நாங்கள் மனக்கோட்டை கட்டினோம். அந்த ஒரு மாதம் அண்ணி வேலை செய்த மாதிரி அதற்கு முன்னால் யாரும் வேலை செய்து நான் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் முக்காலியில் வைத்து, வாசலிலிருந்து பார்த்து, திருப்தியானால்தான் குப்புறப் போடுவார். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு கீறல் இல்லை. பொட்டு வேலை செய்கிறது என்று அண்ணி சொன்னபோது நான்கூட மறுத்துப் பேசவில்லை.

ஓட்டலில் தச்சர்கள் மாட்டுவதற்குக் கொக்கி அடிக்க எல்லாவற்றையும் ஹாலில் குப்புற அடுக்கியிருக்கிறார்கள். ஓட்டல்காரர் வந்து பார்த்திருக்கிறார். நாற்பது முதுகு, நாற்பது பொட்டு, எல்லாம் ஒரே இடத்தில், எல்லாம் ஒரே விரல் அளவில். மேடம் எனக்குப் போன் செய்தார். "காரைக்குடி வீட்டுலயும் அதே பொட்டு, ராயபுரம் பங்களாவுலயும் அதே பொட்டா? நான் அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். நீங்கள்தானே அந்த ஊர்ப் பெயரை எல்லாம் சொன்னீர்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த மாத ஆர்டரை நினைத்து விழுங்கிவிட்டேன். விழுங்கியும் பிரயோஜனம் இல்லை. சரக்கு முழுக்க வேனில் திரும்பி வந்தது, அதோடு மேடம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. வாயால் பங்களா கட்டி விற்ற மேடத்தின் மேல் கோபம். இடிந்த வீடுகளைத் தேடி வாங்கிச் சுவரில் மாட்டினால்தான் சாப்பாடு இறங்கும் என்று நினைக்கிற ஓட்டல்காரர் மேல் கோபம். பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்ன என் மேல் கோபம். அண்ணி மேல் கோபப்படக் கூடாது என்று தெரிந்தும் அவர் மேலும் ஒரு பங்கு கோபம். அதை நான் காட்டவில்லை. ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு, எதுவும் இல்லை. என் கணவரும் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நான் வெளியே போய்விட்டு வந்தபோது, அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்து, தின்னர் நனைத்த துணியால் ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்திலும் இருந்த பொட்டை அழித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அழித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. "என்னாலதான் பூட்ச்சி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இல்லை அண்ணி, அந்த அம்மா சொன்ன பொய்யால் போனது என்று நான் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

திரும்பி வந்ததைச் சும்மா வைத்திருக்க முடியாதே என்று திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் ஒரு சாக்கு விரித்துக் கடை போட்டோம். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பது என்று முடிவு செய்தேன். புதுசுதான், பழசு மாதிரி செய்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். அவர்கள் சட்டத்தைக் கையில் எடுத்து, உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, புதுசை ஏன் இப்படி ஆக்கினீர்கள் என்று உண்மையான பரிதாபத்தோடு கேட்டார்கள். ஒருவர் லாந்தர் வாங்க ஒப்புக்கொண்டார், சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால். ஒரு அம்மாள் எங்களிடம் வாங்குவதாக இல்லை, ஆனால் தன் வீட்டில் இதைவிடப் பழசாக இரண்டு கண்ணாடி இருப்பதாகவும், நாங்கள் எடுத்துக்கொள்வோமா என்றும் கேட்டார். நல்ல ஜனங்கள்தான். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய் சொன்னால் அடையாறில் அள்ளிக்கொண்டு போகிறார்கள், உண்மையைச் சொன்னால் திருவொற்றியூரில் பரிதாபப்படுகிறார்கள். சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மீந்ததில் ஒன்றுதான் எங்கள் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடி.

அண்ணி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மெழுகுவத்தித் துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து வாசலில் தொங்கின, கூடையைக் காணோம். எனக்குக் கன்டெய்னர் யார்டு ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்தது. நான் சம்பாதிக்கிறேன், நீங்கள் மீன் விற்கப் போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தம்பி பெண்டாட்டி சோறு போட்டுத் தின்கிற நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்றார். அதில் கோபமில்லை, தண்டனை போல ஒன்று இருந்தது. தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் எதைப் பேசி எப்படி அதை எடுப்பது என்று தெரியாது.

போன மாதம் ஆபீஸ் வேலையாக அடையாறு பக்கம் போனேன். மேடத்தின் கடை இப்போது இரண்டு கடை அகலம். மேடம் இல்லை. என்னைத் தெரியாத ஒரு பெண் விற்பனைக்கு நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டங்கள், துருப்பிடித்த லாந்தர்கள், எல்லாம் வேறு யாரோ செய்தவை, சுமாரான வேலை. உரிய வேண்டாத இடத்தில் எல்லாம் உரித்து வைத்திருந்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு நகரப் பார்த்தேன். அவள் என்னை விடவில்லை. ஒரு சட்டத்தை எடுத்து, அதன் மேல் மூலையைச் சுட்டிக் காட்டினாள். அங்கே தூரிகையால் வட்டமாக, அழகாக ஒரு கறுப்புப் பொட்டு. "இந்தப் பொட்டு இருக்கு பாருங்க மேடம், இதுதான் ஒரிஜினல்னு அடையாளம். அந்தக் காலத்துல வீட்டுப் பொம்பளைங்க திருஷ்டிக்கு வச்சது. பொட்டு இல்லைன்னா டூப்ளிகேட்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். கடையில் இருந்த அத்தனையிலும் பொட்டு இருந்தது. அந்தக் கணக்குப்படி என் வீட்டுச் சுவரில் இருப்பது டூப்ளிகேட்.  அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது? அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் சொல்கிறாள். சட்டத்தை வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, யாரும் இல்லாத ரோட்டைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியைத் தேடிக்கொண்டு போனேன். திருவொற்றியூரில் ஒரு தெரு முனை, மூடிய கடையின் படிக்கட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காசிமேட்டில் அண்ணியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்த வாய் இன்று மேடத்தின் ஏழு தலைமுறையையும் இழுக்கும், அதைக் கேட்டாலாவது என் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. கூடையின் மேலிருந்த ஈரச்சாக்கைச் சரிசெய்தார். ஒரு அம்மாள் வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனாள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொட்ட வெச்சித்தான் விக்கிறாளா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப, என்னால பூடலையா?"

"இல்ல அண்ணி. உங்களால போகவே இல்ல."

 எத்தனையோ தடவை நான் சொன்ன அதே வார்த்தை, முன்பு உள்ளே போகாதது, இப்போது போனது. முகம் லேசானது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன் பொட்டை எடுத்துக்கொண்டு எவளோ கடையை இரண்டாக்கியிருக்கிறாள், இவர் என்னடாவென்றால் தான் தப்புச் செய்யவில்லை என்பதற்குச் சந்தோஷப்படுகிறார். கோபப்படுங்கள் அண்ணி என்று உலுக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார்.

"நேரமாவுது. தூக்கி வுடும்மே" என்றார்.

நான் குனிந்து, கூடையை இரண்டு கையாலும் தூக்கி, அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.